பூசணம் பார்க்கிற ரூம்

“வேணாம்னு சொல்றவனப் பாத்து ஊரே...” என்று பெரியப்பா ஒரு பேச்சு பேசுவார். மண்டிக்கு வருகிற மூட்டைகளைப் பார்த்துக் கழித்துவிடுகிற வேலை அவருக்கு. அந்தப் பேச்சின் பின்பாதி எனக்கு மறந்துபோய்விட்டது. கும்பிடும் என்று முடித்தாரா, கல்லெடுக்கும் என்று முடித்தாரா என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. இப்போது நானும் ஏறக்குறைய அதே வேலைக்கு வந்துவிட்டேன்.

தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். பொம்மிடியில் ஒரு மாவு மில்லை ஒட்டினாற்போல் ஒற்றை அறை. ஒரு மிக்சி, ஒரு தராசு, சில குப்பிகள், வடிதாள், ஒரு பெட்டி நிறையப் பரிசோதனைப் பட்டைகள். அவ்வளவுதான் சொத்து. வெளியே நான் எழுதி மாட்டியிருக்கிற நீளமான பெயரை இதுவரை ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. ஊருக்கு அது ‘பூசணம் பாக்கற ரூம்’.

இதற்கு முன் பல வருடம் வெளிநாட்டில், ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மனிதக் குடலின் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் இதே நஞ்சைச் சொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாதித் தமிழ், மேலே போனதும் முழுக்க இங்கிலீஷ் என்று படித்தவன். அதனால் செல்லைப் பற்றி ஒரு மொழியிலும் சோளத்தைப் பற்றி இன்னொரு மொழியிலும்தான் எனக்கு யோசிக்க வரும். ஊர் திரும்பியதில் குறையொன்றுமில்லை. காலையில் மில் ஓடத் தொடங்கினால் மேசை மேல் இருக்கிற குப்பிகள் லேசாக நடுங்கும். அந்தச் சத்தத்தோடு டீ குடிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை முக்கிப் பார்க்கிறவர்களே, லாரிக்கு எஃப்.சி. பார்க்கிறவர்களே, பரீட்சை ஹாலில் சட்டைப்பையைத் தடவுகிறவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். உங்களுக்காகத்தான் இவற்றை எழுதுகிறேன்.

ரெண்டு கோடு

ஸ்டெல்லா முதன்முதலில் என் அறைக்கு வந்தது போன மழைக்காலம் முடிகிற சமயம். பக்கத்து ஊர் மகளிர் குழுவின் தலைவி. எங்கள் கிறிஸ்தவப் பங்குக்கோயில் ஆள் என்பதால் எடுத்த எடுப்பிலேயே எனக்கு ‘அண்ணா’ பட்டம். அவர்கள் குழு மக்காச்சோளமும் ராகியும் கலந்து சத்துமாவு அரைக்கிறது. அதுவரை தெருத் தெருவாக விற்றவர்களுக்கு ஒரு பள்ளி விடுதியிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. விடுதிக்காரர்கள் சோளத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு துணிப்பையில் கொஞ்சம் சோளம் கொண்டுவந்திருந்தார். அப்படியொரு சோளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு மணியும் கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது.

அரைத்து, சாராயக் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, பட்டையை நட்டு வைத்தேன். எங்கள் பட்டையில் ரெண்டு கோடு வந்தால் நல்ல சேதி, ஒரு கோடு மட்டும் வந்தால் நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். ரெண்டு கோடும் பளிச்சென்று வந்தன. “நல்ல சேதிதாம்மா” என்று பட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஸ்டெல்லா அதை உற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“எங்க மருமவளுக்கு இதே மாதிரி ரெண்டு கோடு வந்தப்ப கேக்கு வெட்டுனோம். சோளத்துக்கு என்னங்கண்ணா வெட்டறது?”

வறுத்தால் சாகாதது

மில் முதலாளி மாதையன் எனக்கு அறையை வாடகைக்கு விட்டவர். அறுபதைத் தாண்டியவர், என்னைத் ‘தம்பி’ என்பார், நான் ‘அண்ணா’ என்பேன். என் தொழிலின் மேல் அவருக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. “எத்தன வருசமா பூசணம் புடிச்சத வறுத்து அரைச்சுத் தின்னிருக்கோம். நெருப்புல எது தம்பி தப்பிக்கும்?” என்பது அவர் வாதம்.

நான் பொறுமையாகச் சொல்வேன். பூசணம் ஒரு உயிர். ஈரம் கிடைத்தால் முளைக்கும், வறுத்தால் செத்துவிடும். ஆனால் அது உயிரோடு இருந்தபோது தானியத்துக்குள் விட்டுவிட்டுப் போன நஞ்சு உயிரில்லாத பொருள். இல்லாத உயிரை எப்படிக் கொல்வது? வறுத்தாலும் வேகவைத்தாலும் அதில் பெரும்பகுதி அப்படியே சோற்றில் உட்கார்ந்திருக்கும். கழுவினாலும் போகாது. கண்ணுக்குத் தெரிகிற பச்சையையும் கறுப்பையும் துடைத்துவிட்டால் தானியம் பளபளக்கும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

மாதையன் பீடியைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தார். சரி, ஒரு மனிதரையாவது மாற்றிவிட்டோம் என்று நான் மிக்சியைக் கழுவப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்ப எங்க மாமனாரு விட்டுட்டுப் போன கேசு மாதிரின்னு சொல்லுங்க தம்பி. ஆளு போயிச் சேந்துட்டாரு, வாய்தா மட்டும் எனக்கு வந்துட்டே இருக்குது.”

யாருடைய குடல்?

அரைப்பதற்கு முன் குழுப் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி ஸ்டெல்லா கூப்பிட்டார். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் படம் ஒன்றும் இல்லாததால் வாயாலேயே வரைந்தேன். நம் குடலின் உள்சுவரில் செல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, ஊர்வலத்தில் கூட்டத்தைத் தடுக்கக் கைகோத்து நிற்பார்களே, அது மாதிரி. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வெளியே நிறுத்தும். சில வகைப் பூஞ்சை நஞ்சு பட்டால் அந்தக் கைகள் தளர்ந்துவிடும். வரிசை நிற்பது போலத்தான் தெரியும், ஆனால் நடுவில் எவனும் நுழையலாம். இன்னொரு நஞ்சு ஈரலுக்குப் போகும். ஈரல் அதை வெளியேற்றப் பார்க்கிற முயற்சியிலேயே அதை இன்னும் பொல்லாததாக்கிவிடும். அது செல்லுக்குள் இருக்கிற மூல எழுத்திலேயே போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை செல் தன்னை நகலெடுக்கும்போது தப்பாக எழுத வைக்கும். தின்ற அன்றைக்கு வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால்தான் ஈரல் கணக்குக் கேட்கும். வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். கோழிக்குப் போட்டாலும் முட்டையில் நமக்கே திரும்பி வரும்.

இதையெல்லாம் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன், தட்டில் வளர்த்த செல்லில். முன்வரிசையில் சவரியம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை, கொஞ்சம் மேட்டு நிலத்தில் தனியாகச் சோளம் போடுகிறவர். அவர் கையைத் தூக்கினார்.

“தட்டுல வளத்தீங்களே, அது யாரு கொடலுங்க?”

இந்தக் கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது, அவர் இறந்துவிட்டார், அவருடைய செல்கள் மட்டும் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன என்றேன். ரெண்டு மூன்று பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் பெயர் என்ன என்று சவரியம்மா கேட்டார். தெரியாது என்றேன். அத்தனை வருடம் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தச் செல்களுக்குத் தீனி வைத்தவன், பெயரைக் கேட்கத் தோன்றியதே இல்லை. சவரியம்மாவுக்கு என் மேல் வருத்தம்தான், ஆனால் வழியும் அவரே சொன்னார்.

“பேரு தெரியலன்னா பரவால்லைங்க, ‘பேர் தெரியாத ஆத்துமாவுக்கு’ன்னு சாமியாருகிட்ட சொன்னா பூசை வெப்பாரு. அவரு கொடல வெச்சுத்தான இத்தன புள்ளைங்க கொடல காப்பாத்துறீங்க.”

பெண் பார்த்த கதை

சித்தேரி மலையிலிருந்து பெருமாள் என்று ஒருவர் சாமை கொண்டுவருவார். பஸ்ஸில் இறங்கி நேராக என் அறைக்கு வந்து பையை மேசையில் வைத்துவிட்டு, முடிவு சொல்லும் வரை எழுந்திருக்கவே மாட்டார். ஒருநாள் அவர் கைப்பிடி அளவு சாமையை மட்டும் கொண்டுவந்து, மலையில் தன்னிடம் இருக்கிற சாமை முழுவதற்கும் நல்ல பெயர் கேட்டார். முடியாது என்றேன். பூஞ்சை ஊர் சுற்றிப் பார்த்து எல்லா மூட்டையிலும் சமமாக உட்காருவதில்லை. ஓர் ஓரத்தில் சொட்டிய ஈரத்தில், ஒரு மூட்டையின் அடியில், கையளவு இடத்தில் குடும்பம் நடத்தும். மேலே அள்ளினால் தங்கம், கீழே அள்ளினால் விஷம். அதனால் ஒவ்வொரு மூட்டையிலும் மேலும் நடுவும் அடியும் குத்தூசி விட்டு எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரைத்தால்தான் சோதனை சோதனையாக இருக்கும் என்று விளக்கினேன்.

பெருமாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“புரியுதுங்க. பொண்ணு பாக்கப் போனா பொண்ண மட்டும் பாத்துட்டு வரக் கூடாது, வூட்டுக்குப் பின்னாடியும் ஒரு எட்டு பாத்துட்டு வரணும்ங்கறீங்க.”

காணிக்கைச் சோளம்

பெருமாளை அனுப்பிவிட்டுத் திரும்பி உட்கார்ந்ததும் ஸ்டெல்லா கொண்டுவந்த துணிப்பை ஞாபகத்துக்கு வந்தது. கழுவித் துடைத்தது போன்ற அந்தச் சோளம். பட்டை நல்ல சேதிதான் சொன்னது, ஆனால் எதைப் பற்றிச் சொன்னது? மறுநாளே பஸ் ஏறினேன். விடுதிக்கு நான் இன்னும் எழுத்தில் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை, அரைக்கவும் தொடங்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

கோயில் மண்டபத்தின் பின்னறைதான் அவர்கள் கிடங்கு. குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சோளத்தைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். அவரவர் மூட்டையில் அவரவர் அடையாளம். ஒருவர் சிவப்புக் கயிறு, ஒருவர் புடவைக் கிழிசல், ஒருவர் சாக்கில் சிலுவைக்குறி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சுமாரான, நம் ஊர் மழையில் நனைந்து காய்ந்த, எல்லாரிடமும் இருக்கிற மாதிரியான சோளம்தான். என் மேசைக்கு வந்த சோளம் இதில் ஒரு மூட்டையிலும் இல்லை.

“ஸ்டெல்லா, எனக்குக் குடுத்த சோளம் எங்க இருந்து எடுத்தீங்க?”

அவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை, பெருமையோடுதான் சொன்னார். புது அறுவடையில் கோயிலுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் முதலிலேயே எடுத்துவைத்துவிடுவார்கள். நல்ல கதிராகப் பார்த்து, கையால் உதிர்த்து, முறத்தில் பொறுக்கி, மாடியில் காயவைத்து, பூசையில் பீடத்துக்குக் கொண்டுபோகிற சோளம். பரிசோதனைக்கு என்றதும் எல்லார் வீட்டிலும் அதிலிருந்து ஒரு பிடி வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். எந்த வீடும் விட்டுப்போகக் கூடாது என்று கவனம் வேறு. நான் தலையில் கையை வைத்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு முகம் வாடிவிட்டது.

“சாமிக்குக் குடுக்கறத விட நல்ல சோளம் உங்களுக்கு எங்க இருந்துங்கண்ணா கொண்டாருவேன்?”

ஒற்றைக் கோடு

அன்றைக்கே குத்தூசியை எடுத்தேன். ஒவ்வொரு வீட்டு மூட்டைகளையும் தனித்தனியாக மேலும் நடுவும் அடியும் குத்தி எடுத்து, அடையாளம் எழுதி, அறைக்குக் கொண்டுவந்து அரைத்தேன். மாதையன் கூட ஒத்தாசைக்கு வந்து குப்பிகளைக் குலுக்கினார். பட்டைகள் வரிசையாக நின்றன. ரெண்டு கோடு, ரெண்டு கோடு, ரெண்டு கோடு. எனக்கு மூச்சு வந்தது. கடைசிக்கு முந்தியதில் ஒரு கோடுதான் வந்தது. திரும்பச் செய்தேன். அதே ஒரு கோடு. இன்னொரு பெட்டியிலிருந்து பட்டை எடுத்துச் செய்தேன். சிலுவைக்குறி போட்ட சாக்குகள். சவரியம்மாவுடையவை.

நேரில் போய்ச் சொன்னேன். ஸ்டெல்லாவும் வந்தார். சவரியம்மா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்தது என்ன என்று அவரே சொன்னார். கதிரைத் தார் ரோட்டில் காயப்போட்டிருந்தபோது மழை வந்திருக்கிறது. அள்ள ஆள் இல்லை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மழை விட்டதும் பிரிக்கலாம் என்று இருந்திருக்கிறார். மழை விடவில்லை. பிரித்தபோது கதிர் சூடாக இருந்ததாம், சோறு வடித்த பானையைத் தொட்ட மாதிரி. பிறகு நன்றாகக் காயவைத்து, கறுத்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் மூட்டை கட்டியிருக்கிறார். அவர் செய்ய வேண்டியதில் எதையும் விடவில்லை. நஞ்சு தார்ப்பாய்க்கு அடியிலேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

மற்றவர்கள் சோளத்தை அரைக்கலாம், ஆர்டர் கைவிட்டுப் போகாது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சவரியம்மாவின் மூட்டைகள் மட்டும் வேண்டாம். அவருக்கு இந்த வருடம் வேறு விளைச்சல் கிடையாது என்று எனக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரிந்திருக்கலாம். ஸ்டெல்லா மெதுவாக, “கோழித்தீவனத்துக்கு எடுக்கறவரு ஒருத்தரு இருக்காருக்கா, அவரு எதையும் கேக்க மாட்டாரு” என்றார். சவரியம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். கோழியும் முட்டையும் கடைசியில் யார் வயிற்றுக்குப் போகும் என்று மண்டபத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாட்டுக்கு வைக்கட்டுமா என்று கேட்டார். பாலில் வரும் என்றேன். அவர் தவலையைக் கவிழ்த்துவைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபமே இல்லை.

“சரிங்க, ஊரான் புள்ளைங்களுக்கு வேணாம். நான் ஒரு கட்டைதான, எனக்குன்னு வெச்சு ஆக்கித் தின்னுக்கறேன். வெளஞ்சத வீசக் கூடாதுங்க.”

வாங்குகிறவன்

ரெண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. தட்டில் இருந்த செல்லுக்கு நஞ்சு சொட்டியபோதெல்லாம் நான் கையுறை போட்டிருந்தேன். சவரியம்மா அந்தச் சோளத்தைக் களியாகக் கிண்டித் தின்பார், சொன்னதைச் செய்கிற ஆள். ஒரு வருடம் தின்றாலும் ஒன்றும் நடக்காததைப் போலத்தான் இருக்கும். அதுதான் அதன் குணம்.

மாதையனிடம், மூட்டைகளை நானே வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் மில்லையே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “தம்பி, யோசிச்சுப் பேசுங்க. ஃபெயில்னு சொல்றதும் நீங்க, வாங்கறதும் நீங்கன்னா ஊரு என்ன பேசும்? வெலையக் கொறைக்கத்தான் ஒத்தைக் கோடு போட்டான்னு பேசும். அடுத்த வருசம் எவன் மூட்டையக் குத்த விடுவான்?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தத் தொழிலில் எழுதப்படாத முதல் சட்டமே அதுதான். பார்க்கிறவன் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது. சும்மா பணம் கொடுக்கலாம் என்றால் சவரியம்மா வாங்க மாட்டார். கடனாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார் என்று ஸ்டெல்லா முன்னமே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி சவரியம்மாவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, எனக்குக் கெட்ட சோளம் வேணும்.”

“கெட்டது எதுக்குங்க?”

“பட்டை சரியா வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு, நிச்சயமா கெட்டதுன்னு தெரிஞ்ச சோளம் ஒண்ணு கையில இருக்கணும். இப்ப வெளியூர்ல இருந்துதான் வரவழைக்கறேன். உங்களுது அதுக்கு ஏத்தது, அத்தன மூட்டையும் எனக்கே குடுங்க.”

இது உண்மை. சவரியம்மா என் முகத்தையே பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்தார். மாதையன் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் சேதி தெரிந்து வேடிக்கை பார்க்க வந்து சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார்.

“அதுக்கு எவ்வளவுங்க வேணும்?” என்றார் சவரியம்மா.

“ஒரு டப்பா.”

“ஒரு டப்பாவுக்கு எதுக்குங்க அத்தன மூட்டை?”

அன்று சாயங்காலம் சிலுவைக்குறி போட்ட மூட்டைகள் அத்தனையையும் நல்ல சோளம் போகிற விலைக்கு, ஊரார் பார்க்க, வாங்கினேன். ஒரு டப்பா என் அலமாரியில் இருக்கிறது, மீதி மில்லுக்குப் பின்னால் ஆள் உயரக் குழியில் இருக்கிறது.